தேநீர் நிற ஓடை: காட்டு மண்ணிலிருந்து கரைந்து போகும் கார்பன்

ஒவ்வோர் ஆண்டும் கோடை தொடங்கும் சமயத்தில் எங்கள் ஊரின் குடிநீர்த் துறையிடமிருந்து ஓர் அறிக்கை வரும். சென்ற ஆண்டு நீங்கள் குடித்த தண்ணீரில் என்னென்ன எவ்வளவு இருந்தது என்று சொல்லும் அறிக்கை. அமெரிக்காவில் இதைத் தருவது சட்டப்படி கட்டாயம். பெரும்பாலும் பீட்சாக் கடைக் கூப்பன்களோடு சேர்ந்து குப்பைக் கூடைக்குப் போய்விடும். இந்த முறை என்னவோ உட்கார்ந்து படித்தேன். ஈயம், தாமிரம், நைட்ரேட் என்று போன பட்டியலில் ட்ரைஹாலோமீத்தேன்கள் என்று ஒரு வரி. சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம். எங்கள் ஊரில் அதைவிடக் குறைவு. கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பக்கத்திலிருந்த கட்டம்தான் என்னை நிறுத்தியது. கிருமிகளைக் கொல்வதற்காகச் சேர்க்கும் குளோரின், நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் கரிமப் பொருளோடு சேர்ந்து இவற்றை உண்டாக்குகிறது என்று விளக்கியிருந்தார்கள். இதை முதலில் கண்டறிந்தவர்களில் ஒருவர் ராட்டர்டாம் நகரக் குடிநீர் நிலையத்தில் வேலை பார்த்த யோஹனஸ் ரூக் என்ற வேதியியலாளர், 1974-இல் எழுதினார். நெடுங்காலம் அதிக அளவில் குடித்தால் புற்றுநோய் அபாயம் கூடலாம் என்பதால்தான் இந்த வரம்பு.

குளோரின் நாம் போடுவது. சரி. கரிமப் பொருளைப் போட்டது யார்? எங்கள் நீர்த்தேக்கத்தைச் சுற்றித் தொழிற்சாலை இல்லை, வயல் இல்லை. வெறும் காடு.

விடை அதுதான். போட்டது காடு. இந்தச் சிறு விடையைப் பிடித்துக்கொண்டு போனால் குடிநீர்க் குழாயிலிருந்து பூமியின் தட்பவெப்பக் கணக்கு வரைக்கும் போக முடிகிறது. போய்ப் பார்க்கலாம்.

இரண்டு ஓடைகள்

நியூ ஹாம்ஷையர் மாநிலத்தின் வெள்ளை மலைகள் பாஸ்டனிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். இலையுதிர் காலத்தில் நிறம் பார்க்கப் போகும் கூட்டத்தோடு நாங்களும் போவதுண்டு. ஒரே நாளில், ஒரே மலைப்பகுதியில் இரண்டு ஓடைகளைக் கடந்தோம். ஒன்றில் அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அத்தனை தெளிவு. இன்னொன்று சதுப்பான பள்ளத்தாக்கிலிருந்து வருவது. பால் ஊற்றாத தேநீர் போல இருந்தது. என் மகள் யாரோ சாயத்தைக் கொட்டிவிட்டார்கள் என்றே நினைத்தாள். கையில் அள்ளினால் நிறம் தெரியவில்லை. ஆழத்தில்தான் பழுப்பு.

நீருக்கு நிலத்தின் நிறம் ஏறுவது நமக்குப் புதிய செய்தி அல்ல. செம்மண்ணில் பெய்த மழையை உவமையாக்கி, அந்த உவமையாலேயே பெயர் பெற்ற செம்புலப்பெயனீரார் குறுந்தொகையில் இருக்கிறார். ஆனால் அந்தச் செந்நீரும் இந்தப் பழுப்பு நீரும் வேறு வேறு. செம்மண் நீரை ஒரு டம்ளரில் பிடித்து வைத்தால், பொறுமையாகக் காத்திருந்தால், மண் அடியில் தங்கும். அது கலங்கல். தேநீர் நிற நீரை எத்தனை நாள் வைத்தாலும் தெளியாது. அது கரைசல், தேநீர் தெளியாததற்கும் அதுவே காரணம். ஆய்வகத்தில் இதைப் பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள (0.45 மைக்ரான்) துளைகள் கொண்ட வடிதாளில் வடிகட்டுவார்கள். தாளில் தங்கியது துகள், இறங்கிப் போனது கரைசல். இந்தக் கட்டுரை இறங்கிப் போனதைப் பற்றியது.

அந்தக் கரைசலில் இருப்பவை உதிர்ந்த இலை, மக்கிய வேர், பூஞ்சை, நுண்ணுயிர் ஆகியவற்றின் மிச்சங்கள். எளிய சர்க்கரைகள் முதல் பெயரிட முடியாத சிக்கலான மூலக்கூறுகள் வரை ஆயிரக்கணக்கான சேர்மங்கள். அவற்றில் மக்குப் பொருள் சார்ந்த பெரிய மூலக்கூறுகள் நீல ஒளியை விழுங்கிவிடுவதால் நமக்குப் பழுப்பாகத் தெரிகிறது. எடையில் ஏறக்குறைய பாதி கார்பன்.

அப்படியானால் தெளிந்த ஓடைக்கு மேலேயும் காடுதானே இருக்கிறது? அங்கே மட்டும் காடு ஏன் கரையவில்லை? இதற்கு விடை சொல்லக்கூடிய இடம் அதே மலைகளில்தான் இருக்கிறது.

காட்டுக்கு ஒரு வரவு செலவு ஏடு

ஹப்பர்ட் புரூக் சோதனைக் காட்டை அமெரிக்க வனத்துறை 1955-இல் அமைத்தது. 1963-இல் ஹெர்பர்ட் போர்மன், ஜீன் லைக்கன்ஸ், நோய் ஜான்சன், வனத்துறையின் ராபர்ட் பியர்ஸ் ஆகியோர் அங்கே ஓர் எளிய யோசனையோடு தொடங்கினார்கள். மலைச்சரிவில் ஒரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதியை எடுத்துக்கொள்வது. அடியில் பாறை, தண்ணீர் பெரிதாகக் கசியாது. மேலிருந்து வருவது மழையும் பனியும். கீழே போவதற்கு ஒரே வழி ஓடை. ஓடையின் குறுக்கே ஆங்கில வி எழுத்து வடிவில் வெட்டிய சிறு தடுப்பணை கட்டி, போகும் நீரை அளந்து, வாரந்தோறும் மாதிரி எடுத்தால், காட்டுக்கு வருவதையும் காட்டிலிருந்து போவதையும் ஒரு கடைக்காரரின் ஏடு மாதிரி எழுதிவிடலாம்.

முதுநிலைப் பொறியியல் வகுப்பில் நிறைச் சமநிலை என்ற பெயரில் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு போட்ட கணக்கும் இதுதான்: வந்தது கழித்தல் போனது, மீதி உள்ளே. அங்கே தொட்டியும் குழாயும். இங்கே ஒரு முழுக் காடு. அந்த ஏடு அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் எழுதப்பட்டு வருகிறது.

கார்பனுக்கான பக்கத்தைத் தோராய எண்களோடு பார்ப்போம். கணக்குக்கு வசதியாக ஒரு சதுர மீட்டர் நிலம்.

ஆண்டுக்கு விழும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் 1,400 மி.மீ.; அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 1,400 லிட்டர். மழைநீரே முழுத் தூய்மை இல்லை. லிட்டருக்கு சுமார் 1 மில்லிகிராம் கரைந்த கார்பன் இருக்கும். ஆக, வானத்திலிருந்து வரவு ஏறக்குறைய ஒன்றரை கிராம்.

அந்தத் துளி மேப்பிள், பீச் மரங்களின் இலைகளைக் கழுவிக்கொண்டு சொட்டும்போது கோடையில் பத்து மில்லிகிராம் அளவுக்கு உயரும். தரையில் மக்கிக் கிடக்கும் சருகுப் படுகையில் ஊறி இறங்கும்போது 25 மில்லிகிராம் அளவுக்குப் போகும். உண்மையிலேயே டிகாக்ஷன் இறங்குவது இங்கேதான். ஆண்டுக்கு ஆயிரம் லிட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 25 கிராம்.

இனி தடுப்பணைக்குப் போவோம். விழுந்த நீரில் ஏறக்குறைய அறுபது சதவீதம், 850 லிட்டர், ஓடையாகப் போகிறது. மீதியை மரங்கள் குடித்து ஆவியாக விட்டுவிடுகின்றன. ஓடை நீரில் கரைந்த கரிமப் பொருளின் கார்பன் லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான். ஆக, செலவு சுமார் 1.7 கிராம்.

சருகுக்கு அடியில் 25. ஓடையில் 1.7. இடையில் இருபத்து மூன்று கிராம் எங்கே போயிற்று?

அங்கே ஒரு பள்ளம் தோண்டினால் பதில் கண்ணுக்கே தெரியும். மேலே கறுப்பு மக்கு. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் வெளிறிய ஒரு பட்டை. அதற்கும் கீழே துருச் சிவப்பில் இன்னொரு பட்டை. போட்சால் என்று இவ்வகை மண்ணுக்குப் பெயர். சாம்பலுக்கு அடியில் என்ற பொருள் தரும் ரஷ்யச் சொல். மேலிருந்து இறங்கும் அமிலத் தன்மையுள்ள கரிமக் கரைசல் வழியில் உள்ள இரும்பையும் அலுமினியத்தையும் பிடுங்கிக்கொண்டு இறங்குகிறது. வெளிறிய பட்டை அப்படிப் பறிகொடுத்த இடம். கீழே போய் இரும்பும் அலுமினியமும் படியும்போது கரிமப் பொருளையும் தம்மோடு பிடித்து உட்கார வைத்துவிடுகின்றன. சிவப்புப் பட்டை அந்தக் கூட்டணி. ஒரு பகுதியை வழியிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. மற்றது தாதுக்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் தங்கக்கூடும்.

காட்டின் கார்பனைக் காப்பாற்றி வைப்பதில் மரத்துக்கு ஒரு பங்கு என்றால், மரத்தடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் இந்தத் துருவுக்கும் ஒரு பங்கு. நீருக்குச் சிவப்பைத் தரும் இரும்பே நீரிலிருந்து பழுப்பை எடுத்தும் விடுகிறது.

தெளிந்த ஓடைக்கு வந்த நீர் இந்தச் சிவப்புப் பட்டை வழியாக ஆற அமர இறங்கி வந்தது. சதுப்பிலிருந்து வந்த ஓடையின் நீர் மக்குப் படுகைக்குள்ளேயே ஊறிக்கிடந்து பக்கவாட்டில் வழிந்து வந்தது. அது துருவைச் சந்திக்கவே இல்லை. ஓடையின் நிறத்தைத் தீர்மானிப்பதில் மேலே எவ்வளவு காடு இருக்கிறது என்பதோடு, தண்ணீர் எந்த வழியில் வந்தது என்பதும் முக்கியம்.

இதனால் இன்னொன்றும் நடக்கிறது. பெருமழையின்போதும் வசந்தத்தில் பனி உருகும்போதும் நிலத்தடி நீர்மட்டம் மேலேறி மக்குப் படுகையைத் தொட்டுவிடும். அப்போது நீருக்கு அடி மண்ணுக்குள் இறங்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. மேல் படுகை வழியே குறுக்கு வழியில் ஓடைக்கு வந்துவிடும். தெளிந்த ஓடையும் அந்தச் சில நாட்கள் தேநீராகும். கிழக்கு அமெரிக்காவின் சிறு காட்டு நீர்ப்பிடிப்புகளின் பதிவுகளைத் தொகுத்து பீட்டர் ரேமண்டும் ஜேம்ஸ் சையர்ஸும் 2010-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஓராண்டில் வெளியேறும் கரைந்த கரிமப் பொருளில் 86 சதவீதம் மழை, பனி உருகல் நிகழ்வுகளின்போதே போய்விடுகிறது. வாரத்துக்கு ஒரு முறை மாதிரி எடுப்பவர் புயல் நாளைத் தவறவிட்டால் கணக்கே தவறிவிடும். பெருமழைகள் கூடிவரும் காலத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கோலி சோடா

இதுவரை சொன்னது நிறமுள்ள கார்பன். நிறமே இல்லாத இன்னொன்றும் அதே நீரில் போகிறது.

மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் ஓயாமல் சுவாசிக்கின்றன. வெளிக் காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதத்துக்குச் சற்று மேல். மண்ணின் நுண்துளைகளில் அடைபட்ட காற்றில் அது சர்வசாதாரணமாக ஒரு சதவீதத்தை எட்டும்; இருபது மடங்குக்கு மேல். அந்தக் காற்றைத் தொட்டுக்கொண்டு இறங்கும் நீர் லேசான சோடாவாகிவிடுகிறது. பத்து டிகிரி குளிரில், ஒரு சதவீத வாயுவோடு சமநிலைக்கு வந்த நீரில் லிட்டருக்கு சுமார் 6 மில்லிகிராம் கார்பன் இருக்கும். பழுப்பு நிறக் கார்பனைவிட இது மூன்று மடங்கு.

இந்த நீர் ஊற்றாக வெளியே வந்து வெளிக் காற்றைத் தொட்டதும் என்ன ஆகும்? நம் ஊர்க் கோலி சோடாவில் கோலியைத் தட்டி உள்ளே தள்ளியதும் என்ன ஆகுமோ அதேதான், குமிழியும் சத்தமும் மட்டும் இல்லாமல். ஓடை கற்களில் விழுந்து புரண்டு போகிற முதல் சில நூறு மீட்டர்களுக்குள்ளேயே பெரும்பகுதி வாயு வெளியேறிவிடும். அதனால் ஆற்றில் போய் அளப்பவர்களுக்கு இது நெடுங்காலம் கண்ணில் படவே இல்லை.

சுண்ணாம்போ கரையக்கூடிய வேறு கனிமமோ உள்ள மண்ணில், இந்தச் சோடாவின் அமிலம் பாறையை அரித்து பைகார்பனேட்டாக மாறிக் கடல் வரைக்கும் போகிறது. அது அவ்வளவு சீக்கிரம் காற்றுக்குத் திரும்பாது.

ஐரோப்பாவின் பல நிலங்களில் மண்ணிலிருந்து இறங்கும் நீரை நேரடியாகப் பிடித்து அளந்த ஆய்வொன்று 2011-இல் வெளியானது. காடுகளில் ஆண்டுக்குச் சதுர மீட்டருக்குச் சராசரியாக 8 கிராம் கரியமில வாயு வடிவக் கார்பனும், மூன்று நான்கு கிராம் கரிமப் பொருள் வடிவக் கார்பனும் கசிவதாகச் சொன்னார்கள். மொத்தம் 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

கோபுரத்துக்குத் தெரியாத கசிவு

பன்னிரண்டு கிராம் பெரியதா, சிறியதா? எதோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

மாசசூசெட்ஸில் ஹார்வர்ட் காடு என்ற ஆய்வுக் காட்டில் மரங்களுக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒரு கோபுரம் 1990-களின் தொடக்கத்திலிருந்து காற்றில் ஏறி இறங்கும் கரியமில வாயுவை இடைவிடாமல் அளக்கிறது. 1992 முதல் 2004 வரையான சராசரி, ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 250 கிராம் கார்பனைக் காடு நிகரமாக உள்ளிழுத்தது. அங்கே பன்னிரண்டு கிராம் கசிவு ஐந்து சதவீதம். ஐரோப்பிய ஆய்வும் பெரும்பாலான காடுகளின் நிகரக் கணக்கை இந்தக் கசிவு பெரிதாக மாற்றவில்லை என்றே சொன்னது. ஆனால் ஹப்பர்ட் புரூக்கின் தொடாத பகுதியில் மரங்களின் மொத்த எடை 1982-க்குப் பிறகு ஏறத்தாழக் கூடவே இல்லை என்று 2007-இல் கணக்கிட்டார்கள். சேமிப்பே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது சில கிராம் கசிவும் பெரிதுதான்.

இதைவிட முக்கியமானது வேறு. கோபுரம் காட்டுக்கு மேலே உள்ள காற்றை மட்டுமே பார்க்கிறது. உள்ளே போன வாயு திரும்ப மேலே வராவிட்டால் காடு சேமித்துக்கொண்டது என்று எழுதிக்கொள்ளும். அது ஓடை வழியாகப் பின்கதவால் போய், பத்துக் கல் தள்ளி ஏரியில் காற்றோடு கலந்தாலும் அதற்குத் தெரியாது. எங்கள் தொழிலில் இதை மெமரி லீக் என்போம். ஒவ்வொரு முறையும் சில பைட்டுகள்தான். எந்தப் பரிசோதனையிலும் அகப்படாது. சர்வரை மாதக்கணக்கில் ஓடவிட்டால் விழுந்துவிடும்.

பூமி முழுவதற்கும் கூட்டிப் பார்க்கும்போது அப்படித்தான் ஆயிற்று. ஆறுகள் நிலத்துக் கார்பனைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வெறும் குழாய்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2002-இல் ஜெஃப்ரி ரிச்சியின் குழு மத்திய அமேசான் பகுதியின் ஆறுகளும் வெள்ளநிலங்களும் ஆண்டுக்கு எக்டேருக்கு 1.2 டன் கார்பனை வாயுவாக விடுவதாகக் காட்டியது. படுகை முழுவதற்கும் விரித்தால் ஆண்டுக்கு 50 கோடி டன். அமேசான் கடலில் சேர்க்கும் கரிமக் கார்பனைப் போலப் பத்து மடங்கு அளவில். (இதில் நீரில் நிற்கும் வெள்ளக் காடுகளின் பங்கு மிகப் பெரியது என்று 2014-இல் வந்த ஆய்வு காட்டியது, எல்லாமே மேட்டு மண்ணிலிருந்து வருவதல்ல.) 2007-இல் ஜொனதன் கோலும் உடன் எழுதியவர்களும் உலகக் கணக்கைத் திருத்தி எழுதினார்கள். நிலம் நன்னீருக்குக் கொடுப்பது ஆண்டுக்கு 190 கோடி டன் கார்பன். கடலுக்குப் போய்ச் சேர்வது 90 கோடி. 20 கோடி ஏரி, அணைகளின் வண்டலில் புதைகிறது. மீதி 80 கோடி வழியிலேயே காற்றாகிவிடுகிறது. அதன்பின் வந்த மதிப்பீடுகள் இந்த எண்களைக் கூட்டித்தான் இருக்கின்றன, குறைக்கவில்லை. காட்டை வளர்த்துவிட்டு இத்தனை டன் சேமித்தோம் என்று சான்றிதழ் விற்கும் காலத்தில், பின்கதவைக் கணக்கில் எடுத்தீர்களா என்று கேட்பது குதர்க்கம் ஆகாது.

அமேசானைப் பற்றிப் பேசும்போது மனாஸ் நகரத்தைச் சொல்லாமல் போக முடியாது. அங்கே ரியோ நெக்ரோ, அதாவது கறுப்பு ஆறு, சோலிமோயஸ் ஆற்றோடு சேர்கிறது. சேர்ந்தும் சில கிலோமீட்டர் தூரம் இரண்டும் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஆண்டிஸ் மலை வண்டலைச் சுமந்துவரும் சோலிமோயஸ் பால் கலந்த காபி, அது கலங்கல். ரியோ நெக்ரோ கடுந்தேநீர், அது கரைசல். ரியோ நெக்ரோவின் படுகையில் பெருமளவுக்கு வெளிறிய மணல். பிடித்து வைக்கத் துருவும் களிமண்ணும் போதாது. நியூ ஹாம்ஷையரில் ஒரு பள்ளத்துக்குள் பார்த்த அதே விதி, அங்கே ஆற்றின் பெயராகவே ஆகிவிட்டது.

பழுப்பேறிய ஏரிகள்

நிற்க. இனிச் சொல்லப்போவதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

1990-களில் பிரிட்டன், ஸ்காண்டிநேவியா, வடகிழக்கு அமெரிக்கா எங்கும் குடிநீர் நிலையங்களிலும் ஆய்வாளர்களிடையேயும் ஒரு கவலை பரவியது. மனித நடமாட்டம் குறைந்த மலையோடைகளும் ஏரிகளும் ஆண்டுக்கு ஆண்டு பழுப்பேறிக்கொண்டிருந்தன. 2001-இல் கிறிஸ் ஃப்ரீமன் முதலானோர் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பில், பிரிட்டனின் நீர்நிலைகளில் கரைந்த கரிமப் பொருள் 12 ஆண்டுகளில் 65 சதவீதம் கூடியிருந்தது. அவர்கள் சந்தேகித்தது வெப்ப உயர்வை. ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கரிமண் சதுப்புகளில் உறங்கிக் கிடந்த கார்பன் சூட்டில் அவிழ்ந்து ஓடத் தொடங்கிவிட்டதோ? அது உண்மையானால் பூமியின் மிகப் பெரிய கார்பன் கிடங்குகளில் ஒன்றின் பூட்டு திறந்துகொண்டது என்று பொருள்.

2007-இல் அதே இதழில், அவர்களில் ஒருவரான டொனால்ட் மான்டீத் தலைமையில் வேறொரு விடை வந்தது. வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் 522 ஏரிகள், ஓடைகளின் 1990 முதல் 2004 வரையான பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எங்கே அமில மழை அதிகமாகக் குறைந்ததோ அங்கே பழுப்பு அதிகமாகக் கூடியிருந்தது.

இதன் வேதியியல் நம் வீட்டு அறிவுதான். கலங்கிய நீரில் படிகாரக் கட்டியைச் சுற்றினால் அழுக்கு திரண்டு அடியில் படிகிறதல்லவா? படிகாரத்திலிருக்கும் அலுமினியத்தின் மூன்று மின்னேற்றங்கள் செய்யும் வேலை அது. நிலக்கரி எரித்ததில் வந்த கந்தகம் அமில மழையாக மண்ணில் இறங்கியபோது மண்ணிலிருந்த அலுமினியத்தை அவிழ்த்துவிட்டது. அது கரிமப் பொருளைத் திரளச் செய்தது. அமிலமும் உப்பும் கூடிய நீரில் கரிமப் பொருளின் கரையும் தன்மையும் குறைந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் வடக்கின் காட்டு மண்ணில் யாரும் கேட்காமலே ஒரு பிரமாண்டமான படிகாரக் கட்டி சுழன்றுகொண்டிருந்தது.

1970, 80-களில் அடிராண்டக் மலைகளிலும் நார்வேயிலும் மீன் செத்துப்போன ஏரிகள் பளிங்குபோல் இருந்தன. அந்தத் தெளிவு நோயின் அறிகுறி. அமில மழையை வட அமெரிக்காவில் அடையாளம் காட்டியதிலும் ஹப்பர்ட் புரூக்குக்குப் பெரும்பங்கு உண்டு. 1963-இல் முதல் மழை மாதிரிகளிலேயே அமிலம் பிடிபட்டது. 1990-இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்டு கந்தகம் குறைந்ததும் மண் மெல்லத் தன் பழைய குணத்துக்குத் திரும்பியது. ஏரிகள் பழுப்பேறின. நாம் அளக்கத் தொடங்கிய நாள்தான் இயற்கையின் இயல்பு நாள் என்று எண்ணிக்கொண்டதால், குணமாவதை நோய் என்று படித்தோம்.

வெப்பத்துக்குப் பங்கே இல்லை என்பதல்ல. மழை கூடும்போதும் கரைசல் கூடுகிறது, கோடை நீளும்போதும் கூடுகிறது. பழுப்பேறிய ஏரியில் ஒளி ஆழத்துக்குப் போகாது. அடிநீரில் பிராணவாயு குறையும். குடிநீர் நிலையத்துக்குச் செலவு கூடும். நோயா குணமா என்று நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் செய்தி.

வயதைக் கேட்பது

வேறு எதைப் பார்ப்பது? கார்பனின் வயதை. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றிலிருந்த கதிர்வீச்சுக் கார்பனை ஏறக்குறைய இரு மடங்காக்கின. அதன்பின் துளிர்த்த எந்த இலையிலும் அந்த முத்திரை உண்டு. பழைய மக்கில் அது இல்லை. இருந்த கதிர்வீச்சும் தேய்ந்திருக்கும். ஓடை நீரில் கரைந்திருக்கும் கார்பனை எடுத்து முத்திரை இருக்கிறதா என்று பார்த்தால், கரைவது நேற்றைய சருகா, ஆயிரம் ஆண்டுச் சேமிப்பா என்று தெரிந்துவிடும். பிரிட்டன் ஆறுகளில் 2007-இல் அப்படிப் பார்த்தபோது பெரும்பகுதி அண்மைக் காலக் கார்பனாகவே இருந்தது. கிடங்கின் பூட்டு திறக்கவில்லை.

எல்லா இடத்திலும் விடை இப்படி ஆறுதலாக இல்லை. இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் 1990-களின் நடுவில், நெல் விளைவிக்கப்போகிறோம் என்று சுமார் பத்து லட்சம் எக்டேர் கரிமண் சதுப்புக் காட்டை வெட்டிக் கால்வாய் தோண்டினார்கள். திட்டம் தோற்றுப்போனது. கால்வாய்கள் இருந்தன. 2013-இல் வெளியான ஆய்வில், தொடாத சதுப்புக் காட்டிலிருந்து வழிந்த நீரில் புதிய கார்பனும், வெட்டிய நிலத்திலிருந்து வழிந்த நீரில் நூற்றாண்டுகள், ஆயிரத்தாண்டுகள் பழைய கார்பனும் இருந்தன. கரைந்து போகும் அளவும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இரண்டு நீரும் தேநீர் நிறம்தான். ஒன்று வட்டியைச் செலவழிக்கும் காடு. மற்றது முதலைக் கரைத்துக்கொண்டிருக்கும் நிலம்.

குழாயடிக்குத் திரும்பி வருகிறேன். பாஸ்டன் நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி குவாபின் என்ற நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது. 1930-களில் நான்கு சிற்றூர்களைக் காலிசெய்து கட்டியது. இன்றைக்கும் அந்த நீரைப் பெரிய வடிகட்டி எதிலும் வடிகட்டுவதில்லை, கிருமிநீக்கம் மட்டும்தான். சுற்றியுள்ள காடும் அதன் மண்ணும் நீண்டகாலம் தேங்கிநிற்கும் நீரும்தான் வடிகட்டி. அந்தக் காட்டைக் காவல் காப்பது வடிகட்டி கட்டுவதைவிடச் செலவு குறைவு என்று கணக்குப் போட்டவர்கள் இருக்கிறார்கள். சிவப்புப் பட்டை செய்யும் வேலைக்குச் சம்பளம் யாரும் கொடுப்பதில்லை.

அடுத்த ஆண்டு அறிக்கையில் அந்த எண் கொஞ்சம் கூடியிருந்தாலும் முன்போல விழிக்க மாட்டேன். எங்கோ மலைமேல் ஒரு காடு அமில மழையிலிருந்து தேறிவருவதன் கணக்கும் அந்த எண்ணில் இருக்கலாம். ஒரு பெருமழைக்குத் தாங்க முடியாமல் மண் வழிவிட்டதன் கணக்கும் இருக்கலாம். எது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் யாராவது ஒருவர் மழையென்றும் பனியென்றும் பாராமல் ஓடைக்குப் போய் ஒரு குப்பியில் நீர் பிடித்து வரவேண்டும். ஹப்பர்ட் புரூக்கில் 1963-லிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.